லாரிக்கு வாடகை உண்டு, அள்ளுகிற கைக்கு என்ன உண்டு?

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு ஆண்டும் ஒரு கூட்டம் நடக்கும். ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் எல்லாத் துறை அலுவலர்களும் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை மணல் மூட்டை, எத்தனை மரம் அறுக்கும் இயந்திரம், எத்தனை ஜேசிபி, எத்தனை மோட்டார் பம்பு, எத்தனை படகு என்று கணக்கு வாசிப்பார்கள். மறுநாள் நாளிதழில் அது செய்தியாக வரும். தோழர்களே, அந்தச் செய்தியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பொருள்களின் பட்டியலுக்கு நடுவே 'தூய்மைப் பணியாளர்கள் தயார் நிலையில் உள்ளனர்' என்று ஒரு வரி இருக்கும். பம்பு தயார், படகு தயார், பணியாளர் தயார்.

பம்பை யாரும் கேட்கப் போவதில்லை. பணியாளரையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சில காலனிகளுக்கும் குப்பங்களுக்கும் நாங்கள் போயிருந்தோம். சாலையில் விழுந்த மரங்களை அறுத்து ஓரம் தள்ளியிருந்தார்கள். கிளைகளையும் சேற்றையும் கடல் கொண்டுவந்து போட்ட குப்பையையும் அள்ளிக்கொண்டிருந்த பெண்களில் ஓர் அக்கா எங்களிடம் சொன்னார்: "ராத்திரியே ஃபோன் வந்துச்சுப்பா. விடியறதுக்குள்ள வந்துட்டோம். எங்க வூட்டு மேல போட்டிருந்த தார்ப்பாய் எங்க போச்சுன்னே தெரியல. அத யாரு கேட்டா?" கையுறை தந்தார்களா என்று கேட்டோம். சிரித்தார். எத்தனை மணி வரைக்கும் வேலை என்று கேட்டோம். "முடியற வரைக்கும்" என்றார்.

அந்த அக்கா பேரிடரால் பாதிக்கப்பட்டவர். பேரிடரை எதிர்கொண்ட குழுவில் ஒருவரும் அவர்தான். ஆனால் நிவாரணப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை, குழுப் பட்டியலிலும் இல்லை.

குழுப் பட்டியல் என்று ஒன்று உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட ஐ.ஆர்.எஸ். வழிகாட்டுதல்களில் அதற்கான வரைபடமே இருக்கிறது. மாவட்டத்துக்கு ஆட்சியர் பொறுப்பு அலுவலர். வட்ட அளவில் தாசில்தார் போன்றோர் இன்சிடென்ட் கமாண்டர். கமாண்டருக்குப் பக்கத்தில் தகவல் அலுவலர், தொடர்பு அலுவலர், பாதுகாப்பு அலுவலர் என்று மூவர். கீழே செயல்பாடு, திட்டமிடல், தளவாடம் என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்ன அலகுகள். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று குறிக்க ஓர் அலகு. இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்க ஓர் அலகு. வேலை முடிந்தவர்களை முறைப்படி வீட்டுக்கு அனுப்ப ஓர் அலகு. களத்தில் நிற்பவர்களுக்குச் சோறு போட ஓர் அலகு. பாதுகாப்பு அலுவலரின் வேலை என்ன தெரியுமா? மீட்புப் பணியில் இருப்பவர்களுக்கு என்ன ஆபத்து வரலாம் என்று முன்கூட்டியே பார்ப்பது, ஆபத்தான வேலையைத் தடுத்து நிறுத்துவது.

நல்ல ஆவணம். கிண்டலாகச் சொல்லவில்லை. அதைப் படித்தபோது எங்களுக்கு அந்த அக்காவின் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது. வெறுங்கையோடு சேற்றில் இறங்கும் ஒருவரைப் பார்த்து 'நிறுத்து, முதலில் பூட்ஸ் போடு' என்று சொல்ல ஓர் அலுவலர் பதவியே இருக்கிறது. அப்படி ஓர் அலுவலரை அந்த இரண்டு நாளில் நாங்கள் பார்க்கவில்லை, அவரும் பார்த்ததில்லை.

இந்த வரைபடம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1970இல் தென் கலிபோர்னியாவில் காட்டுத்தீ 13 நாட்கள் எரிந்தது. 16 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. தீயை அணைக்க வந்த துறைகளில் யார் யாருக்குக் கட்டளை இடுவது என்று தெரியவில்லை. ஒரு துறையின் சொல் அடுத்த துறைக்குப் புரியவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்து பிறந்ததுதான் இந்தக் கமாண்டர் முறை. அங்கிருந்து உலகம் முழுவதும் பரவி, நம் ஊருக்கு வரும்போது ஐ.ஆர்.எஸ். ஆனது. காட்டுத்தீக்குச் செய்த சட்டையைப் புயலுக்கும் வெள்ளத்துக்கும் அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை.

அமெரிக்காவில் இன்று வேறொரு கவலை. இந்தக் குழுக்களை நடத்திய மூத்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள், புதிதாக வர ஆள் குறைவு, தீ எரியும் காலமோ ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. அதனால் குழுக்களின் வகைகளை இணைத்து, அடுத்த பத்தாண்டுக்கு யார் வருவார்கள் என்று உட்கார்ந்து திட்டமிடுகிறார்கள். ஆனால் அங்கேயும் வரைபடத்தின் அடியில் நிற்பது யார்? 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது தீக்கோடு வெட்டப் போனவர்களில் 900க்கும் மேற்பட்டோர் சிறைக் கைதிகள். அன்று அவர்களுக்கு நாள் கூலி சுமார் 6 டாலரிலிருந்து 10 டாலர். நெருக்கடி வேலைக்கு மணிக்கு ஒரு டாலர் கூடுதல். அமெரிக்கச் சிறைகளில் கறுப்பர்கள் அவர்களது மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகம் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே சிறை. இங்கே சேரி. நம் ஊரில் 'அடுத்த பத்தாண்டுக்கு ஆள் எங்கிருந்து வரும்' என்ற கேள்வியையே யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். அம்மா செய்தாள், மகள் செய்வாள்.

2004 டிசம்பர் 26 சுனாமியை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினத்தில் உடல்களை இடிபாடுகளிலிருந்து எடுத்துப் புதைக்கும் வேலைக்குப் பல நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களைத்தான் வரவழைத்தார்கள். அதே கரையில் தலித் குடும்பங்கள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், தண்ணீர்த் தொட்டியைத் தொட விடாததையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பிணத்தைத் தொட நம் கை வேண்டும், குடத்தைத் தொட வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் மற்ற மாவட்டங்களிலிருந்து லாரிகளில் தூய்மைப் பணியாளர்களை ஏற்றி வந்தார்கள். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் அவர்கள் அழுகிய குப்பையை அள்ளிய படங்கள் அப்போது பத்திரிகைகளில் வந்தன. நகரம் அவர்களைப் புகழ்ந்தது. புகழ்ச்சிக்குப் பிறகு பலரும் அதே ஒப்பந்தக் கூலிக்குத் திரும்பிப் போனார்கள்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் வந்தது, சுனாமிக்கு அடுத்த ஆண்டு. அதன் 61ஆம் பிரிவை ஒவ்வொரு தோழரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இழப்பீடும் நிவாரணமும் கொடுக்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என்ற அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது அது. முக்கியமான பிரிவுதான். ஆனால் அது வாங்குகிற கையைப் பற்றி மட்டும் பேசுகிறது. வேலை செய்கிற கையைப் பற்றிப் பேசவில்லை. எந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதில் சாதி நுழைந்தால் இந்தப் பிரிவு வாயைத் திறக்காது.

இன்னொரு பிரிவும் இருக்கிறது. 65ஆம் பிரிவின்படி, பேரிடர் நேரத்தில் கட்டடங்களையும் வாகனங்களையும் மற்ற வளங்களையும் அதிகாரிகள் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பிரிவு, எடுத்ததற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. வாகனத்தை எடுத்தால், அந்த வட்டாரத்தில் நிலவும் வாடகையை அடிப்படையாக வைத்து உரிமையாளருக்கு இழப்பீடு. லாரியின் சொந்தக்காரருக்குச் சட்டம் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறது. அந்த லாரியில் ஏற்றி வரப்பட்ட முப்பது பேருக்கு இப்படி ஒரு வரி அந்தப் பிரிவில் இல்லை.

'அவர்களுக்குத்தான் ஏற்கெனவே சம்பளம் இருக்கிறதே' என்று ஓர் அதிகாரி எங்களிடம் சொன்னார். இருக்கிறது. நகராட்சியில் நிரந்தரமானவருக்கு ஒரு சம்பளம், ஒப்பந்த நிறுவனத்தில் இருப்பவருக்கு வேறு, ஊராட்சியில் தூய்மைக் காவலருக்கு மாதத் தொகுப்பூதியம். மூன்று பேரும் ஒரே சேற்றில் நிற்கிறார்கள். ஒப்பந்தப் பணியாளருக்குப் புயல் நாளில் யார் முதலாளி? நிறுவனமா, நகராட்சியா, தாசில்தாரா? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? வேலை நேரத்தைக் குறிக்க அலகு இருக்கிறது என்று சொன்னோமே, அந்த அலகு இவருடைய மணிகளைக் குறித்திருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலாவது காகிதத்தில் இருந்திருக்கும்.

இப்போது காட்டுப் பக்கம் வருவோம், ஏனென்றால் செங்கல்பட்டு வெறும் கடற்கரை அல்ல. ஏரிக்கரைகளிலும் முட்புதர்க் காடுகளின் ஓரத்திலும் முகத்துவாரங்களிலும் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. சுனாமியில் இவர்களில் பலர் முகத்துவாரங்களில் கையால் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்தவர்கள். படகும் வலையும் இழந்தவர்களுக்குத்தான் நிவாரணம் என்று கணக்குப் போட்டபோது, படகே இல்லாதவர் எதை இழந்ததாக எழுதுவார்?

வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்க விஷம் அங்கிருந்துதான் போகிறது. இந்த மாவட்டத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள். அங்குள்ள சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அந்த அரசு இவர்களை வல்லுநர்களாக அழைத்தது. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. ஐ.ஆர்.எஸ். வரைபடத்தில் திட்டமிடல் பிரிவுக்குள் தொழில்நுட்ப வல்லுநர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் பாம்பு எந்தப் பக்கம் ஏறும், எந்த ஏரியின் கலங்கல் முதலில் வழியும், கோடையில் புதர்க்காட்டில் தீ பிடித்தால் காற்று எங்கே தள்ளும் என்று தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களை வல்லுநர் என்று எழுத புளோரிடாவால் முடிந்தது. இங்கே அவர்கள் பெயர் 'பாம்பு பிடிப்பவர்' என்ற தலைப்பில் செல்பேசி எண்ணோடு மட்டும் எழுதப்படும். கூப்பிட்டால் வரவேண்டும்.

2018 மார்ச் 11 குரங்கணித் தீ நினைவிருக்கும். மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். அன்றும் படை வருவதற்கு முன் மேலே ஏறியது அந்த ஊர் மக்கள்தான். தமிழ்நாட்டு வனத்துறையில் தீ வந்தால் முதலில் ஓடுகிறவர்கள் தீத்தடுப்புக் காவலர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும். அவர்களில் பலர் பழங்குடியினர், பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள், நிரந்தரம் கேட்டுப் போராடுகிறவர்கள். கடற்கரையில் தூய்மைப் பணியாளர், காட்டில் தீக்காவலர். இடம்தான் வேறு, வரைபடத்தில் நிற்கும் வரிசை ஒன்றுதான்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறோம்? பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டிருக்கிறது. மாநகராட்சிகளுக்குத் தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு இப்போது வழி இருக்கிறது. மாநிலப் பேரிடர் மீட்புப் படைக்கும் சட்டத்தில் இடம் வந்துவிட்டது. நம் மாவட்டத்தில் தாம்பரம் 2021இலிருந்து மாநகராட்சி. ஆக, புதுக் குழுக்கள், புது நாற்காலிகள், புது ஆள்சேர்ப்பு எல்லாம் வரப்போகின்றன. வரைபடம் வரைந்து முடித்த பிறகு போய் நின்றால் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்பார்கள். அடுத்த முறை என்பது அடுத்த புயலுக்குப் பிறகு.

மாவட்ட ஆணையத்தின் அமைப்பையும் பாருங்கள். சட்டப்படி தலைவரைத் தவிர ஏழு பேருக்கு மேல் கூடாது. ஆட்சியர் தலைவர், உள்ளாட்சியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இணைத்தலைவர், பிறகு காவல்துறைக் கண்காணிப்பாளர், தலைமை மருத்துவ அலுவலர் என்று போகும். அந்த ஏழில் நமக்கு இடம் கேட்டால் சட்டத்தைக் காட்டுவார்கள். அப்போது நாமும் சட்டத்தைக் காட்ட வேண்டும். 28ஆம் பிரிவின்படி மாவட்ட ஆணையம் ஆலோசனைக் குழுக்களை அமைக்கலாம். தூய்மைப் பணியாளர் சங்கத்திலிருந்தும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் குப்பங்களிலிருந்தும் காலனிகளிலிருந்தும், பாதிக்குக் குறையாமல் பெண்களோடு, ஓர் ஆலோசனைக் குழு அமைக்க எந்தத் திருத்தமும் வேண்டாம், ஒரு கையெழுத்து போதும். மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த மறுபரிசீலனை நடக்கும் மேசையில்தான் இந்தக் குழு உட்கார வேண்டும், தேநீர் இடைவேளையில் அல்ல.

இங்கே எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறோம். சில தோழர்கள், 'நம் இளைஞர்கள் எல்லோரும் ஆப்த மித்ரா தன்னார்வலர்களாகச் சேர வேண்டும்' என்றார்கள். மத்திய அரசின் திட்டம் அது. 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி, காப்பீடு, மீட்பு உபகரணப் பை. சேருவது நல்லதுதான், பயிற்சி எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'தன்னார்வலர்' என்ற சொல் நம் மக்களுக்குக் கொஞ்சம் பழக்கமான சொல். வெட்டியான் வேலையையும் பறையடிப்பதையும் ஊருக்குச் செய்யும் சேவை என்றுதான் சொன்னார்கள். ஊதியம் இல்லாத வேலைக்கு மரியாதையான பெயர் வைப்பது இந்த நாட்டில் புதிதல்ல. பயிற்சி பெற்ற நம் பிள்ளைகள் மீட்புப் படையில் சம்பளத்தோடு, இடஒதுக்கீட்டோடு, பதவி உயர்வோடு சேர வேண்டும். படகு ஓட்டுநர், கம்பியில்லாத் தொடர்பு, கட்டுப்பாட்டு அறை, வரைபடம் தயாரிப்பது, கணக்கு, பாதுகாப்பு அலுவலர் ஆகிய இடங்களுக்கு அவர்கள் வர வேண்டும். சேறு அள்ளுவதற்கு இயந்திரம் வாங்கட்டும். மிச்சம் இருக்கும் கை வேலைக்கு ஆள் எடுக்கும்போது எல்லாச் சாதியிலிருந்தும் எடுக்கட்டும். நம் ஆட்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் நிறுத்திவைப்பது நாம் கேட்கும் மாற்றம் அல்ல.

கையுறை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அது நாளைக்கே வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் புயல் நாளில் விடுமுறையில் போவதில்லை. வெள்ளத்தோடு சாக்கடை கலந்து நிற்கும்போது, 'அடைப்பு எடுத்துவிடு, தண்ணீர் வடியட்டும்' என்று ஆளை இறக்குவது அன்றும் குற்றம்தான். பாதாளச் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அவசரம் என்ற சொல்லைக் கேட்டால் இந்தச் சட்டங்கள் எல்லோருக்கும் மறந்துபோகின்றன. நினைவுபடுத்த ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்தான் பாதுகாப்பு அலுவலர்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு. வெள்ளைத் தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரி. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மதுராந்தகம், செய்யூர் என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஐ.ஆர்.எஸ். குழுவில் பாதுகாப்பு அலுவலர் எந்தப் பதவியில் இருப்பவர்? கடந்த மூன்று ஆண்டுகளில் அவர் நிறுத்திய வேலைகள் எத்தனை? புயல் பணியில் ஈடுபடுத்தப்பட்ட தூய்மைப் பணியாளர்களில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, தூய்மைக் காவலர் எத்தனை? அவர்களின் வேலை நேரம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, அதன் நகல் தரவும். கூடுதல் நேரத்துக்குக் கொடுத்த தொகை எவ்வளவு? காயம் அடைந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குக் கொடுத்தது என்ன? வாடகைக்கு எடுத்த வாகனங்களுக்குக் கொடுத்த தொகை எவ்வளவு? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், மற்ற பதில்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.

பதில் தர அவர்களுக்கு 30 நாள். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒரு மாதம் போகும். அக்டோபரில் மழை தொடங்கிவிடும், அதற்கு முன்பே அந்தக் கூட்டம் நடந்துவிடும். ஆகையால் ஆடி மாதத்துக்குள் மனு தபாலில் போயிருக்க வேண்டும். சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி அனுப்புங்கள். எங்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள், அந்த அக்காவிடம் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம்.